உரிமை மீறல் அறிவிப்பும் நாட்டுடைமையும்: பாரதி பதிப்புரிமைப் பூசலும் இன்றைய இணையப் பதிப்புகளும்

ஆய்வுச்சுருக்கம்

பாரதியின் எழுத்துகள் 1949ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசால் நாட்டுடைமை ஆக்கப்பெற்றன. அதற்கு உடனடித் தூண்டுதலாக இருந்தது ஓர் உரிமை மீறல் அறிவிப்பே. அவ்வறிவிப்பு எழுந்த சட்டச் சூழலையும், பூசல் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பெற்ற முறையையும் இக்கட்டுரை ஆராய்கின்றது. உரியவர் யார், எந்த ஊடகத்துக்கான உரிமை, எந்தப் பாடம் என்னும் மூன்று வினாக்களை ஒவ்வோர் உரிமைக் கோரிக்கையும் எதிர்கொள்ள வேண்டும் என்பதும், நாட்டுடைமை இவற்றுள் முதல் இரண்டுக்கு மட்டுமே விடையளித்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. மூன்றாம் வினா இன்றைய இணையப் பதிப்புகளில் மீண்டும் எழுவதைச் சாத்தான்குளம் அ. இராகவன் நூல்களை முன்வைத்துக் கட்டுரையின் இறுதிப் பகுதி விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: பதிப்புரிமை, உரிமை மாற்றம், நாட்டுடைமை, பாரதி, இணையப் பதிப்பு, சாத்தான்குளம் இராகவன்

1. முன்னுரை

தூத்துக்குடி மாவட்டம் முத்துக்குளித்துறையால் அறியப்பெற்றது. அந்நெய்தல் நில வரலாற்றை எழுதியவர்களுள் சாத்தான்குளம் அ. இராகவன் குறிப்பிடத்தக்கவர். 'கோநகர் கொற்கை', 'நம் நாட்டுக் கப்பற்கலை', 'தமிழ்நாட்டு அணிகலன்கள்' முதலிய அவருடைய நூல்கள் தமிழக அரசால் நாட்டுடைமை ஆக்கப்பெற்றவை. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அவற்றை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் நிறைவதற்கு முன்பே இந்நிலை வாய்த்துள்ளது. பதிப்புரிமைச் சட்டத்தின் இயல்பான போக்கில் இது நிகழ்ந்திருக்க முடியாது.

இதற்கு முன்னோடியாக அமைந்த நிகழ்வும் இதே மாவட்டத்தோடு தொடர்புடையது. எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த சுப்பிரமணிய பாரதியின் எழுத்துகளே முதன்முதலாக நாட்டுடைமை ஆயின. அவ்வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி சான்றுகளுடன் விரிவாக எழுதியுள்ளார். இக்கட்டுரை அவ்வரலாற்றை மீண்டும் கூறுவதை நோக்கமாகக் கொள்ளவில்லை. உரிமை மீறல் பற்றிய ஒரு முறைப்பாடு எழும்போது அதை எவ்வாறு எடைபோட வேண்டும் என்பதற்கு அவ்வரலாறு தரும் அளவுகோல்களைக் கண்டறிவதே இதன் நோக்கமாகும்.

2. சட்டப் பின்புலம்: 1847 முதல் 1914 வரை

இந்தியாவில் பதிப்புரிமை பற்றிய முதற்சட்டம் 1847ஆம் ஆண்டின் 20ஆம் சட்டமாகும். நூல் வெளியான நாள் தொட்டு 42 ஆண்டுகள், அல்லது ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 7 ஆண்டுகளும் என்னும் இரண்டனுள் நீண்டதையே அச்சட்டம் உரிமைக் காலமாகக் கொண்டது. வழக்குத் தொடுக்கப் பதிவு இன்றியமையாதது. பிற்காலத்தில் 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம் இப்பதிவை நூற்பட்டியலோடு இணைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களின் முகப்பில் 'ரிஜிஸ்டர்' செய்யப்பட்ட உரிமை பற்றிய அறிவிப்பு காணப்படுவதற்கு இதுவே காரணம்.

பிரித்தானியப் பேரரசின் 1911ஆம் ஆண்டுச் சட்டமும், அதனை இந்தியச் சூழலுக்குத் தகவமைத்த 1914ஆம் ஆண்டுச் சட்டமும் இந்நிலையை மாற்றின. பதிவு தேவையற்றதாயிற்று. உரிமைக் காலம் ஆசிரியரின் வாழ்நாளும் அவர் மறைவுக்குப்பின் 50 ஆண்டுகளுமாக நீண்டது. பாரதியின் எழுத்துகள் பெரும்பாலும் இச்சட்டங்களின் ஆளுகைக்கு உட்பட்டவை. அவர் 1921 செப்டம்பரில் மறைந்தமையால் உரிமை 1971 வரை நீடித்திருக்க வேண்டும்.

இச்சட்டத்தின் மூன்று கூறுகள் பாரதி பூசலைப் புரிந்துகொள்ள இன்றியமையாதவை.

முதலாவது, மூன்றாம் பிரிவின் காப்புரை. ஆசிரியர் மறைந்து 25 ஆண்டுகள் கழிந்தபின், எழுத்துவழி முன்னறிவிப்புத் தந்து, விலையில் 10 விழுக்காட்டை உரிமைத்தொகையாகச் செலுத்தும் எவரும் வெளியான நூலை மறுபதிப்புச் செய்யலாம். சட்டம் இயற்றப்பெறுவதற்கு முன்பே உரிமை பெற்றிருந்த படைப்புகளுக்கு இக்காலம் 30 ஆண்டுகள். இதன்படி 1908இல் வெளியான 'ஸ்வதேச கீதங்க'ளுக்கு 1951இலும், 1917இல் வெளியான 'கண்ணன் பாட்டு'க்கு 1946இலும் இவ்வாயில் திறக்கின்றது.

இரண்டாவது, 19ஆம் பிரிவு. உரியவர் இசைவுடன் ஒருமுறை இசைத்தட்டில் பதியப்பெற்ற இசைப்படைப்பை, குறித்த உரிமைத்தொகை செலுத்திப் பிறரும் பதியலாம் என்பது இதன் சாரம்.

மூன்றாவது, முதற்பிரிவின் 2(டி) உட்பிரிவு. இசைத்தட்டு, துளைச்சுருள், திரைப்படம் ஆகியவற்றின் வாயிலாக ஒரு படைப்பை எந்திர முறையில் நிகழ்த்தும் உரிமை இவ்வுட்பிரிவில் ஒருசேரக் கூறப்பட்டுள்ளது.

நூலுக்கும் இசைத்தட்டுக்கும் சட்டம் ஒரு பொதுவாயிலை வைத்திருந்தது. திரைப்படத்துக்கு அத்தகைய தெளிவான வாயில் இல்லை. பாரதி பூசல் வெடித்தது சரியாக இவ்விடத்தில்தான்.

3. பாரதி எழுத்துகள் கைமாறிய வழி

பாரதி தம் எழுத்துகளுக்குப் பெருஞ்சந்தை உண்டென நம்பியவர். கடையத்தில் வாழ்ந்த காலத்தில், 1920இல், தம் கையெழுத்துப் படிகளை 40 நூல்களாகப் பகுத்து, நூலுக்குப் பதினாயிரம் வீதம் 4 இலட்சம் படிகள் அச்சிடும் திட்டம் ஒன்றைச் சுற்றறிக்கையாக வெளியிட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை எங்கும் விற்பனையாகும் என்பது அவர் கணிப்பு. அதற்கு வேண்டிய முதலை நண்பர்களிடம் கடனாகக் கேட்டார். போதிய ஆதரவு கிட்டவில்லை.

அவர் மறைவுக்குப்பின் செல்லம்மா பாரதி, பாரதி ஆச்ரமம் என்னும் பெயரில் நூல்களை வெளியிட முயன்றார். பொருள்முடை அம்முயற்சியைத் தொடரவிடவில்லை. 1920களின் நடுப்பகுதியில் பாரதியின் இளவல் சி. விசுவநாதன், உறவினர் ஹரிஹர சர்மா, மருமகன் கே. நடராஜன் ஆகியோர் பாரதி பிரசுராலயத்தை நிறுவினர். 1928இல் பாரதி பாடல் நூல்களை அரசு பறிமுதல் செய்தபோது, சட்டமன்றத்தில் எஸ். சத்தியமூர்த்தி அதனை எதிர்த்து வாதிட்டார். அப்பறிமுதலே பாரதியின் பெயரை ஊர்தோறும் கொண்டுசென்றது எனலாம். பின்னர்க் குடும்பத்தினர் பதிப்புரிமையைப் பிரசுராலயத்துக்கு எழுதிக்கொடுத்தனர். காலப்போக்கில் விசுவநாதன் ஒருவரே அதன் உரிமையாளர் ஆனார்.

1930களில் பேசும்படமும் இசைத்தட்டும் தமிழகத்தில் வேரூன்றின. இசைத்தட்டு உரிமை அச்சுரிமையினின்று பிரிக்கப்பெற்று, ஜெசிங்லால் மேத்தா என்னும் வணிகருக்கு விற்கப்பட்டது. அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பச் செட்டியார் அதனை வாங்கினார். ஏவி.எம். தயாரிப்பில் 1947இல் வெளியான 'நாம் இருவர்' திரைப்படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் பெருவரவேற்புப் பெற்றன. விடுதலையை எதிர்நோக்கியிருந்த ஆண்டில் அப்பாடல்களுக்குக் கிடைத்த வணிக மதிப்பு, உரிமையை விற்றவர்கள் கற்பனை செய்திராத ஒன்று.

இவ்வாறு இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் ஓர் ஆசிரியரின் உரிமை இரண்டாகப் பிளந்தது. அச்சுரிமை ஒருவரிடமும், ஒலி, ஒளி உரிமை மற்றொருவரிடமும் நின்றன. குடும்பத்தாரிடம் சட்டப்படி எஞ்சியது எதுவுமில்லை.

4. 1948ஆம் ஆண்டின் அறிவிப்பு

நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் 1948இல் வெளியான 'பில்ஹணன்' திரைப்படத்தில் பாரதியின் பாடலொன்றைப் பயன்படுத்தினர். தம் உரிமை மீறப்பட்டதாக மெய்யப்பச் செட்டியார் தரப்பிலிருந்து வழக்கறிஞர் அறிவிப்பு வந்தது. டி.கே. சண்முகம் அதற்குப் பணிய மறுத்தார். பாரதி தமிழ் மக்களின் பொதுச்சொத்து என்பது அவர் நிலைப்பாடு.

இவ்விரு தரப்பின் வாதங்களும் வெவ்வேறு தளங்களில் இயங்கியவை என்பதைக் கருத வேண்டும். மெய்யப்பச் செட்டியார் விலைகொடுத்து வாங்கிய ஓர் உரிமையைக் காத்தார். சட்டத்தின் கண்ணில் அவர் கோரிக்கை ஆதாரமற்றதன்று. இசைத்தட்டும் திரைப்படமும் ஒரே உட்பிரிவில் அமைந்திருந்தமை அவருக்கு வலுச் சேர்த்தது. சண்முகமோ சட்டத்தில் இடமில்லாத ஒரு பொதுஉரிமையைக் கோரினார். அவ்வுரிமைக்குச் சான்று தரும் ஆவணம் எதுவும் அவர் கையில் இல்லை. அதனால்தான் பூசல் நீதிமன்றத்தைவிட மக்கள் மன்றத்தில் வலுப்பெற்றது.

எட்டயபுரத்தில் கல்கியின் முயற்சியால் எழுந்த பாரதி மணிமண்டபம் 1947 அக்டோபரில் இராஜாஜியால் திறந்துவைக்கப்பெற்றிருந்தது. கவிஞருக்கு நினைவுச்சின்னம் எழுப்பிய மக்கள், அவர் பாடலைப் பாடுவதற்கு ஒரு நிறுவனத்தின் இசைவை நாடவேண்டிய நிலை பெரும் முரணாகத் தோன்றியது. பாரதி விடுதலைக் கழகம் என்னும் அமைப்பு உருவாயிற்று. வ.ரா., நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம், டி.கே. சண்முகம் முதலியோர் அதில் முன்னின்றனர். நாட்டுடைமைக்குச் செல்லம்மா பாரதியின் இசைவையும் அவர்கள் பெற்றனர். சட்டப்படி அவர் இசைவு தேவையில்லை. உரிமை முன்னரே கைமாறிவிட்டது. ஆயினும் அவ்விசைவின்றி இயக்கம் அறவலிமை பெற்றிருக்காது. சட்டம் ஒருவரை உரிமையாளர் என்றது; சமுதாயம் மற்றொருவரை உரிமையாளராக மதித்தது.

5. வாங்கப்பெற்றது எது?

ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1949 மார்ச் 12 அன்று, கல்வியமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் பாரதி எழுத்துகளின் உரிமையை அரசு ஏற்கும் முடிவைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையை இழப்பீடு பெறாமல் விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும், செல்லம்மா, தங்கம்மாள், சகுந்தலா ஆகிய மூவருக்கும் தலா 5,000 ரூபாயும் வழங்கப்பெற்றன.

இத்தொகைப் பங்கீடு ஆழ்ந்து நோக்கத்தக்கது. சட்டப்படி உரிமை வைத்திருந்த இருவருள் ஒருவர் விலை பெற்றார்; மற்றவர் பெறவில்லை. சட்டப்படி உரிமை ஏதுமில்லாத மூவர், விலை பெற்றவருக்கு நிகரான தொகையைக் கூட்டாகப் பெற்றனர். ஆகவே இதனை வெறும் விற்பனை ஆவணமாகக் கொள்ள இயலாது. அரசு இரண்டு கணக்குகளை ஒரே நேரத்தில் தீர்த்தது: ஒன்று சட்ட உரிமைக் கணக்கு, மற்றொன்று, உரிமையை வறுமையில் விற்றுவிட்ட குடும்பத்துக்குச் சமுதாயம் பட்டிருந்த கடன். இரண்டாவது கணக்குக்கு அன்றைய சட்டத்தில் தலைப்பே கிடையாது.

மற்றொன்றும் கருதத்தக்கது. நாட்டுடைமை என்றவுடன் எவரும் அச்சிடலாம் என்னும் நிலை உடனே வரவில்லை. உரிமை முதலில் அரசின் உடைமையாயிற்று. அரசே அறிஞர் குழுவைக் கொண்டு பதிப்புகளை வெளியிட்டது. 1950களின் நடுப்பகுதியிலேயே பாரதி நூல்களை எவரும் வெளியிடலாம் என்னும் நிலை உருவாயிற்று. அரசுடைமை, பொதுவுடைமை என்னும் இவ்விரு நிலைகளையும் ஒன்றெனக் கொள்ளும் வழக்கம் ஆய்வுலகிலும் உண்டு. சட்ட நோக்கில் இரண்டும் வேறானவை. முன்னதில் உரிமையாளர் மாறுகின்றார். பின்னதில் உரிமையே நீங்குகின்றது.

6. தாகூர்: ஓர் ஒப்பீடு

இந்தியாவில் மற்றொரு பெருங்கவிஞரின் உரிமை வரலாறு நேரெதிரான திசையில் சென்றது. இரவீந்திரநாத தாகூர் 1941இல் மறைந்தார். அவர் எழுத்துகளின் உரிமை விசுவபாரதியிடம் இருந்தது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவ்வுரிமை 1991 இறுதியில் முடிவடைய வேண்டும். அதனை நீட்டிக்க வேண்டுமென்னும் கோரிக்கையை ஏற்று, நடுவண் அரசு உரிமைக் காலத்தை 50 ஆண்டிலிருந்து 60 ஆண்டாக உயர்த்தியது. தாகூரின் உரிமை 2001 இறுதிவரை நீடித்தது. அந்நீட்டிப்பு அப்போது உரிமை நீங்காதிருந்த எல்லா ஆசிரியர்களுக்கும் உரியதாயிற்று.

ஒரு கவிஞரின் எழுத்து மக்களை அடைய உரிமையைச் சுருக்கியது தமிழகம். ஒரு கவிஞரின் எழுத்தைப் பிழையின்றிக் காக்கவும் அவர் நிறுவனத்தைப் பேணவும் உரிமையை நீட்டியது நடுவண் அரசு. இரண்டுக்கும் அடிப்படையாக அமைந்தது கவிஞர்பால் கொண்ட மதிப்பே. பாரதியின் நூல்கள் மலிவு விலையில் எண்ணற்ற பதிப்புகளாகப் பரவின. அவற்றுடன் பாடபேதங்களும் அச்சுப்பிழைகளும் பரவின. பாரதியியல் அறிஞர்கள் பிற்காலத்தில் கால வரிசைப் பதிப்புகளுக்கும் மூலபாட ஆய்வுக்கும் பெரும் உழைப்பைச் செலவிட நேர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். நாட்டுடைமையை எதிர்க்க இது போதிய காரணமன்று. நாட்டுடைமை தீர்க்காத சிக்கல் ஒன்று உண்டு என்பதற்கு இது சான்று.

7. இன்றைய சட்டமும் முறைப்பாட்டு நடைமுறையும்

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் அதன் திருத்தங்களும் 1948இல் இல்லாத சில பாதுகாப்புகளை வழங்குகின்றன.

பிரிவு 60: உரிமையாளர் எனக் கூறிக்கொள்பவர் ஆதாரமின்றி அச்சுறுத்தினால், அச்சுறுத்தப்பட்டவரே நீதிமன்றத்தை அணுகித் தாம் உரிமையை மீறவில்லை என்னும் விளம்புகையைப் பெறலாம். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு இணையான பிரிவு இல்லை.

பிரிவு 18: 2012ஆம் ஆண்டுத் திருத்தம், உரிமை மாற்றம் நிகழ்ந்தபோது வழக்கில் இல்லாத ஊடகத்துக்கு, ஆவணத்தில் தனியே குறிப்பிட்டாலன்றி, அம்மாற்றம் பொருந்தாது என வரையறுத்தது. இசைத்தட்டு உரிமையின் பேரில் திரைப்படத்தைத் தடுக்க முனைந்த 1948ஆம் ஆண்டுப் பூசலை நினைவில் கொண்டால், ஊடகந்தோறும் உரிமையைத் தனித்து நோக்கும் இப்போக்கின் தேவை விளங்கும்.

பிரிவு 57: உரிமையை விற்றபின்னும் படைப்பாளிக்கு இரண்டு சிறப்புரிமைகள் எஞ்சுகின்றன. ஆசிரியர் தாமே எனக் கோரும் உரிமை ஒன்று. தம் மதிப்புக்கு ஊறு நேரும் வகையில் படைப்பு சிதைக்கப்படுவதைத் தடுக்கும் உரிமை மற்றொன்று. அமர்நாத் சேகல் வழக்கில் 2005இல் தில்லி உயர்நீதிமன்றம் இவ்வுரிமையை உறுதிப்படுத்தியது. சிதைவைத் தடுக்கும் உரிமையை ஆசிரியரின் சட்டப் பிரதிநிதிகளும் பயன்படுத்தலாம். நாட்டுடைமையால் இவ்வுரிமை அழிவதில்லை.

இணையத்தில் எழும் முறைப்பாடுகளுக்குப் பிரிவு 52(1)(சி), 2013ஆம் ஆண்டு விதிகளின் 75ஆம் விதி ஆகியவை நடைமுறை வகுத்துள்ளன. முறைப்பாடு எழுத்துவழி அமைய வேண்டும். படைப்பு எது, அதன் உரிமை முறைப்பாட்டாளருக்கு உரியது என்பதற்கான விவரம் யாது, மீறல் எவ்விடத்தில் நிகழ்ந்துள்ளது, சட்டம் அனுமதிக்கும் பயன்பாடுகளுள் அது ஏன் அடங்காது என்பவற்றை அது கூற வேண்டும். நிறைவு பெற்றால் இடைநிலை நிறுவனம் 36 மணி நேரத்துக்குள் அணுக்கத்தை நிறுத்த வேண்டும். 21 நாள்களுக்குள் நீதிமன்ற ஆணை வாராதாயின் மீண்டும் அணுக்கம் தரலாம். மைஸ்பேஸ் வழக்கில் 2016இல் தில்லி உயர்நீதிமன்ற அமர்வு, பொதுப்படையான குற்றச்சாட்டு போதாது. குறிப்பிட்ட படைப்புகள் சுட்டப்பெற வேண்டும் எனத் தெளிவுபடுத்தியது.

இந்நடைமுறையின் உயிர்நாடி காலவரம்பு. நீக்கம் உடனடியானது, ஆனால் தற்காலிகமானது. நிலையான தீர்வை நீதிமன்றமே தர இயலும். முறைப்பாட்டைப் பெற்றவுடன் அஞ்சி நிலையாக நீக்கிவிடுவதும், உரிமை உண்டா எனத் தாமே முடிவுகட்டிப் புறக்கணிப்பதும் இந்நடைமுறையின் நோக்கத்துக்குப் புறம்பானவை.

8. நாட்டுடைமை நூலின் இணையப் பதிப்பு

1990களுக்குப்பின் நாட்டுடைமை தமிழக அரசின் தொடர்ச்சியான பண்பாட்டுச் செயற்பாடாயிற்று. பாரதிதாசன், அண்ணா, கல்கி, வ.உ. சிதம்பரம் பிள்ளை எனப் பட்டியல் நீண்டது. மரபுரிமையர் இசைவு இதில் அடிப்படையாகக் கொள்ளப்பெற்றது. 2009இல் அறிவிக்கப்பெற்ற பட்டியலில் இருந்த கண்ணதாசன், சுந்தர ராமசாமி ஆகியோரின் உரிமையாளர்கள் இசையவில்லை. செல்லம்மா பாரதியின் இசைவுக்கு 1948இல் இருந்த அறமதிப்பு, இங்குச் சட்ட மதிப்பாகவே வளர்ந்துள்ளது.

சாத்தான்குளம் இராகவன் நூல்களுக்குத் திரும்புவோம். 'தமிழ்நாட்டு அணிகலன்கள்' போன்ற நூலொன்றின் இணையப் பதிப்புக்கு எதிராக முறைப்பாடு வருகின்றது எனக் கொள்வோம். 'இது நாட்டுடைமை நூல்' என்னும் ஒற்றை விடை போதுமா? போதாது. ஒரு நூலில் பல உரிமைகள் அடங்கியிருக்கக்கூடும். ஆசிரியர் எழுதிய பகுதி நாட்டுடைமைக்கு உட்பட்டது. வேறொருவர் எழுதிய அணிந்துரை அவருடையது. ஒளிப்படங்கள் எடுத்தவருக்கோ எடுப்பித்தவருக்கோ உரியனவாக இருக்கலாம். பிற்காலப் பதிப்பாசிரியர் சேர்த்த குறிப்பும் ஆய்வுரையும் தனிப்படைப்புகள்.

இவற்றுள் பதிப்பாசிரியர் உழைப்பு மிகுந்த விவாதத்துக்கு உரியது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பு இங்கு வழிகாட்டுகின்றது. பொதுவெளியில் உள்ள மூலத்தில் அச்சுப்பிழை திருத்துவது, இடைவெளி சீர்செய்வது போன்ற உழைப்பு மட்டும் புதிய உரிமையைத் தோற்றுவிக்காது. ஓரளவேனும் படைப்புத்திறனும் தேர்ந்து முடிவெடுக்கும் அறிவுழைப்பும் வெளிப்பட வேண்டும் என்பது அதன் சாரம். தமிழ்ப் பதிப்புலகில் இதனைப் பொருத்தினால், பாரதி பாடலை மீண்டும் தட்டச்சு செய்தவர் உரிமை கோர இயலாது. கையெழுத்துப் படிகளையும் இதழ்களையும் ஒப்பிட்டுப் பாடம் தெரிந்து, குறிப்பெழுதி வரிசைப்படுத்தியவரின் கோரிக்கையைப் புறந்தள்ளவும் இயலாது. மூலம் பொதுவுடைமை என்பதைக் காட்டி அவர் ஆய்வுக்குறிப்புகளை அப்படியே எடுத்தாளுதல் மீறலாகலாம். சட்டம் எவ்வாறாயினும், பாடத்தை நிறுவியவர் பெயரைச் சுட்டாது விடுதல் ஆய்வறத்துக்கு மாறானது.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் வருமாறு.

பாரதி பூசலில் மோதியவை திருட்டும் நேர்மையும் அல்ல. சட்டம் அறிந்த உரிமையும் சட்டம் அறியாத உரிமையுமே. நூலுக்கும் இசைத்தட்டுக்கும் இருந்த பொதுவாயில் திரைப்படத்துக்கு இல்லாமையால் அம்மோதல் 1948இல் வெளிப்பட்டது.

அரசு அப்பூசலைத் தீர்த்தபோது சட்ட உரிமையாளரையும் அற உரிமையாளரையும் ஒருங்கே மதித்தது. நாட்டுடைமை என்னும் தமிழகத்து வழக்கம் நிலைபெற இதுவே காரணமாகலாம்.

உரியவர் யார், எந்த ஊடகம் என்னும் வினாக்களுக்கு நாட்டுடைமை விடையளித்தது. எந்தப் பாடம், எவர் நிறுவிய பாடம் என்னும் வினாவுக்கு விடையளிக்கவில்லை. இணையத்தில் ஒரு படியிலிருந்து ஆயிரம் படிகள் நொடியில் பெருகும் இக்காலத்தில் அவ்வினாவே முதன்மை பெறுகின்றது.

ஆகவே நாட்டுடைமை நூல்களை இணையத்தில் வெளியிடும் நிறுவனங்கள் ஒவ்வொரு நூலுக்கும் நான்கு செய்திகளைப் பதிவுசெய்தல் வேண்டும்: நாட்டுடைமை ஆணையின் விவரம், பயன்படுத்திய பதிப்பு, ஆசிரியர் அல்லாத பிறருக்குரிய பகுதிகள், பாடத்தில் செய்யப்பெற்ற மாற்றங்கள். இப்பதிவு இருப்பின் முறைப்பாடு எழும்போது உரிய பகுதியை மட்டும் நிறுத்திவைத்து நூலைத் தொடர்ந்து வழங்க முடியும். ஆதாரமற்ற முறைப்பாட்டை ஆவணத்தோடு மறுக்கவும் முடியும். 1948இல் டி.கே. சண்முகத்துக்குக் கிட்டாத ஆவணப் பின்புலம் இன்றைய பதிப்பாளருக்கு வாய்ப்பது இவ்வகையில்தான்.